ஸ்டார்லிங்க், சிம், சேட்டிலைட், விஎச்எஃப்: கிரெனடா முதல் மார்ட்டினிக் வரை பாய்மரப் படகில் எது கைகொடுக்கும்?

கிழக்குக் கரீபியனில், கிரெனடாவின் தென்கரை விரிகுடாக்களிலிருந்து மார்ட்டினிக்கின் லே மரான் வரை சுமார் 160 கடல் மைல். நடுவில் கேரியாகு, யூனியன், டொபேகோ கேஸ், பெக்வே, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா. விடியற்காலையில் ஒரு தீவில் நங்கூரம் தூக்கினால் பெரும்பாலும் அன்று சாயங்காலமே அடுத்த தீவில் போட்டுவிடலாம். சொந்தப் படகோ வாடகைப் படகோ, இந்தத் தடத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன்பு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது இன்டர்நெட்டுக்காகத்தான்.

கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டோடும் வேலையோடும் பேச ஒரு வழி வேண்டும். போய் நிற்கிற தீவோடு பேச இன்னொரு வழி வேண்டும். முதலாவதுக்கு எல்லோரும் ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர் என்று கொட்டுகிறார்கள். இரண்டாவதுக்கான கருவி, அதாவது படகுகள் தங்களுக்குள்ளும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோ, படகில் ஏற்கெனவே திருகி மாட்டப்பட்டிருக்கிறது. நங்கூரம் போட்டதும் அதை அணைத்துவிடுகிறார்கள். கீழே உள்ள ஒப்பீட்டில் இந்த இரண்டையும் கலக்காமல் பார்ப்போம்.

ஸ்டார்லிங்கா, உள்ளூர் சிம்மா?

வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. வானம் மறைக்காத இடத்தில், செயற்கைக்கோள் வழியே இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் தட்டு வீடியோ கூட்டத்தையும் சினிமாவையும் சேர்த்தே தாங்கும். ஆனால் படகில் வேகம் நான்காவது கேள்வி. முதல் மூன்று: மின்சாரம் எவ்வளவு, எங்கே கைவிடும், மாதக் கட்டணத்தை நிறுத்த முடியுமா.

சிம் விஷயத்தில் தீவுகள் இரண்டு ஜாதி. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற ஆங்கிலத் தீவுகளில் டிஜிசெல், ஃப்ளோ என்று இரண்டு நிறுவனங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பிரீபெய்ட் சிம் கிடைக்கும். கிழக்குக் கரீபியன் டாலரில் கட்டலாம், ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது 1976-லிருந்து மாறாத விகிதம். மார்ட்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்ஸின் மாகாணங்கள். அங்கே யூரோ, அங்கே ஆரஞ்ச் முதலான பிரெஞ்சு நிறுவனங்கள். பிரான்ஸில் வாங்கிய சிம் அங்கே வீட்டில் ஓடுவதுபோலவே ஓடும், தெற்கே செயின்ட் லூசியாவுக்கு வந்ததும் ரோமிங் கட்டணம் ஏறிவிடும். ஆகவே ஆங்கிலத் தீவில் சிம் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த டேட்டா எந்தெந்தத் தீவில் செல்லும், பிரெஞ்சுத் தீவுகள் அதில் சேருமா. விளம்பரப் பலகையில் "கரீபியன் முழுதும்" என்று இருப்பதை நம்பி மார்ட்டினிக்கில் பாக்கி முழுவதையும் ஒரே மணியில் இழப்பது இந்தத் தடத்தின் வழக்கமான விபத்து.

இன்னொரு சிக்கல் அலைவரிசை. பிரெஞ்சுத் தீவுகள் ஐரோப்பிய வழக்கத்தையும் ஆங்கிலத் தீவுகள் பெரும்பாலும் வட அமெரிக்க வழக்கத்தையும் ஒட்டியவை. புதிய போன்கள் இரண்டையும் பிடிக்கும். ஐரோப்பாவில் மலிவாக வாங்கிய 4ஜி ரவுட்டர் பிடிக்காமல் போகலாம். அப்போது மார்ட்டினிக்கில் பறந்த ரவுட்டர் பெக்வேயில் 3ஜியில் தவழும், குற்றம் டவர் மேல் விழும். வாங்கும் முன்பு பெட்டியில் உள்ள பேண்ட் பட்டியலில் 850, 1900, 700 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிம் எங்கே கைவிடும்? மலைக்குப் பின்னால். இவை எரிமலைத் தீவுகள். செங்குத்தான முகட்டின் நிழலில் இருக்கும் விரிகுடாவில் ஊர் அரை மைலில் இருந்தும் சிக்னல் இருக்காது. அதற்கு நேர்மாறாக டொபேகோ கேஸில் ஆள் குடியில்லாத ஐந்து குட்டித் தீவுகளும் ஒரு பவளப்பாறை அரணும்தான், ஆனால் மேற்கே மேரோவும் யூனியனும் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆகவே போனைக் கையில் பிடித்தால் ஒரு கோடு, உயரத்தில் ஆன்டெனா வைத்தால் வேலை நடக்கும்.

ஸ்டார்லிங்க் எங்கே கைவிடும்? மூன்று இடம். காற்றோடு கொட்டும் மழையில் சில நிமிடம் அறுந்துபோகும். அதன் அலை கேயு பேண்ட், தடித்த மழை அதை விழுங்கிவிடும். வானிலைப் படத்தை மழை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் அந்த நேரத்தில் வெறும் திரையைத்தான் பார்ப்பார். இரண்டாவது, கரையை விட்டு விலகினால். பயணிகளுக்கான ரோம் திட்டங்கள் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்குமானவை. திறந்த கடலுக்குத் தனிக் கட்டணம். இதில் இந்தத் தீவுத் தொடருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஒவ்வொரு நாட்டின் எல்லைக் கடலும் 12 கடல் மைல். இரண்டு தீவுக்கு நடுவிலுள்ள கால்வாய்கள் இங்கே பெரும்பாலும் 25 கடல் மைலைத் தாண்டுவதில்லை. 12-ஐயும் 12-ஐயும் கூட்டினால் நடுவே திறந்த கடல் என்று மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பகல் பயணத்தில் தொடர்பு அறாமல் வருவது இதனால்தான். இதையே அனுபவமாக வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினால் மூன்றாம் மணி நேரத்திலேயே திட்டம் நின்றுபோகும்.

மூன்றாவது, கணக்கு. பதிவு செய்த நாட்டுக்கு வெளியே இரண்டு மாதத்துக்கு மேல் ரோம் திட்டத்தில் இருந்தால் கணக்கின் நாட்டை மாற்றச் சொல்லும் விதி இருக்கிறது. ஒரு பருவம் முழுவதும் தீவுகளில் சுற்றுகிறவருக்கு இது வந்தே தீரும். திட்டங்களின் பெயரும் விலையும் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே நண்பர் போன வருடம் கட்டிய தொகையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

கையடக்கக் கணக்கு ஒன்று. வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவு. ஒரு மணி நேரம் பேசினாலும் 30 எம்பி. வீடியோ கூட்டம் மணிக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். எச்டி சினிமா மணிக்கு 3 ஜிபி. ஆகவே அம்மாவோடு பேசவும் வானிலை பார்க்கவும் உள்ளூர் சிம் தாராளம். படகிலிருந்து வேலை பார்ப்பவருக்குத்தான் ஸ்டார்லிங்க் தேவை. இரண்டு தரப்பிலும் டேட்டாவைத் தின்பது நீங்கள் பார்ப்பதைவிட நீங்கள் பார்க்காதது: போட்டோ தானாக கிளவுட் சேமிப்பில் ஏறுவது, போனும் லேப்டாப்பும் தானாகப் புதுப்பித்துக்கொள்வது. படகின் வைஃபையை எல்லாக் கருவியிலும் "அளவுள்ள இணைப்பு" என்று குறித்துவிடுங்கள்.

மினியா, பெரிய தட்டா?

ஸ்டார்லிங்க் என்று முடிவெடுத்துவிட்டால் அடுத்த சண்டை இது. 2024-ல் 599 டாலருக்கு வந்த மினி, பிறகு விலை இறங்கியது. எடை சுமார் 1.1 கிலோ, ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தக அளவு, வைஃபை ரவுட்டர் உள்ளேயே இருக்கிறது. பெரிய ஸ்டாண்டர்ட் தட்டு கிட்டத்தட்ட 3 கிலோ, ரவுட்டர் தனி.

படகில் தீர்ப்பைச் சொல்வது பேட்டரி. மினி சராசரியாக 25 முதல் 40 வாட் இழுக்கும். 30 என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 720 வாட்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 60 ஆம்ப்-மணி. ஸ்டாண்டர்ட் 75 முதல் 100 வாட். 75 என்று வைத்தாலே நாளுக்கு 150 ஆம்ப்-மணி, அதுவும் வீட்டு மின்சாரத்துக்கான அடாப்டர் என்பதால் இன்வெர்ட்டர் வழியாக. அந்த மாற்றத்தில் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் சூடாகிப் போகும். வெப்ப மண்டலத்தில் 200 வாட் சோலார் பேனல் நல்ல நாளில் 65 முதல் 80 ஆம்ப்-மணி தரும். ஃபிரிட்ஜ் 50 முதல் 70 வரை கேட்கும். ஆக 400 வாட் பேனல் உள்ள சாதாரணப் படகில் ஃபிரிட்ஜோடு மினி ஓடும், ஸ்டாண்டர்ட் ஓடாது. தினமும் எஞ்சினைப் போட வேண்டிவரும். எஞ்சின் சத்தத்தில் சினிமா பார்ப்பதற்கு நங்கூரம் போட்ட விரிகுடாவில் உள்ள மற்றவர்களும் நன்றி சொல்ல மாட்டார்கள்.

எது வாங்கினாலும் முதல் நாளே ஆப்பில் இரண்டு அமைப்பை மாற்றுங்கள். பனி உருக்கும் அமைப்பை அணையுங்கள். 30 டிகிரி வெயிலிலும் அது "தானியங்கி" என்று காத்திருக்கும். உறங்கும் நேரத்தை வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை உறங்கவிட்டால் நாளின் மின்செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் மிச்சம்.

மினியை நேரடியாக 12 வோல்ட்டில் போடலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. பெரிய ஏமாற்றமும் அங்கேதான். பெட்டியைத் திறந்து, கையில் கிடைத்த மெல்லிய இரட்டைக் கம்பியால் பேட்டரிக்கும் பின்பக்கச் சோலார் சட்டத்துக்கும் இணைத்தால் பகலில் ஓடும், இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக அணைந்து எழும். தட்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. காரணம் கம்பி. கணக்கைப் பாருங்கள்: 0.8 சதுர மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 0.021 ஓம். பேட்டரியிலிருந்து தட்டு 10 மீட்டர் என்றால் போகவர 20 மீட்டர், மொத்தம் 0.42 ஓம். தட்டு எழும்போது 60 வாட் வரை, அதாவது 5 ஆம்ப் இழுக்கும், 2.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். பகலில் சோலார் பேட்டரியை 13.8-இல் வைத்திருக்கும்போது தட்டுக்கு 11.7 கிடைக்கிறது. இரவில் பேட்டரி 12.4-க்கு இறங்கினால் தட்டுக்கு 10.3. அதற்கு 12-க்குக் கீழே ஓட உத்தரவாதமில்லை.

திருத்தம் இரண்டு வழி. ஒன்று, 4 சதுர மி.மீ. தகரம் பூசிய செம்புக் கம்பி: இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஆனால் பழைய லெட் பேட்டரி 12.2-க்கு இறங்கும் படகில் இதுவும் போதாது. இரண்டாவது, பேட்டரி பக்கத்திலேயே 12-ஐ 24 அல்லது 30 வோல்ட்டாக ஏற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுவது. மினி 48 வரை ஏற்கும். வோல்ட் இரட்டித்தால் ஆம்ப் பாதி, மெல்லிய கம்பியே போதும். எங்கள் ஓட்டு இரண்டாவதுக்கு. எந்த வழியானாலும் பேட்டரி முனையில் 10 ஆம்ப் ஃப்யூஸ் கட்டாயம். கன்வெர்ட்டரை விஎச்எஃப் ரேடியோவுக்கும் திசைகாட்டிக்கும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மலிவான கன்வெர்ட்டர் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். சோதிக்க எளிய வழி: விஎச்எஃப்பில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டே ஸ்டார்லிங்கை அணைத்துப் போடுங்கள். சத்தம் மாறினால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள்.

பொருத்தும் இடம்: படகின் பின்சட்டத்தில், சோலார் பேனலுக்கு மேலே, படுக்கையாக. பாய்மரக் கம்பம் மெல்லிய நிழல்தான், சில நொடி வெட்டும். பேனலின் விளிம்பும் ஈரத் துணிக் கூரையும்தான் கெடுக்கும். நங்கூரத்தில் படகு காற்றுக்கேற்பச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஆப் காட்டும் மறைப்புப் படத்தை இங்கே நம்பாதீர்கள். தட்டு 50 டிகிரி வரைக்குமானது; இருண்ட உலோகப் பரப்பில் ஒட்டி வைத்தால் உச்சி வெயிலில் சூடேறி நின்றுவிடும், அடியில் காற்றுப் போக இரண்டு விரற்கடை விடுங்கள். நீர் புகாத தரம் என்பது பிளக் முழுதாக உள்ளே அழுந்தியிருக்கும்போது மட்டும். உப்புக் காற்றில் பாதி நுழைந்த பிளக் சில மாதத்தில் பச்சை பிடிக்கும்.

சிம் ரவுட்டருக்கு ஆன்டெனா: உயரமா, கம்பியா?

பாய்மரத்தின் உச்சியில் ஆன்டெனா வைத்தால் சிக்னல் அள்ளும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உச்சியிலிருந்து ரவுட்டர் வரை 15 மீட்டர் கோஆக்சியல் கம்பி. மெல்லிய ஆர்ஜி-58 கம்பி 2 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு சுமார் 0.8 டெசிபெல் விழுங்கும். 15 மீட்டருக்கு 12 டெசிபெல். அதாவது பதினாறில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். ஏறிய உயரத்தின் லாபம் கம்பியிலேயே கரைந்துவிடும். தடித்த எல்எம்ஆர்-400 என்றால் 3 டெசிபெல், பாதி மிஞ்சும். ஆனால் அது சுண்டுவிரல் கனம், வளையாது, 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா வேண்டும் என்பதால் இரண்டு கம்பி. ஆன்டெனாவோடு ரவுட்டரே ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகையைப் பின்சட்டத்தில் 3 மீட்டர் உயரத்தில் வைத்து, ஈதர்நெட் கம்பியை மட்டும் கீழே இறக்குவது இதைவிட மலிவு, பலனும் அதிகம். இரண்டு வாரப் பயணம் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒரு பழைய போனை நீர்புகாப் பையில் போட்டு, ஹாட்ஸ்பாட் போட்டு, கொடிக்கயிற்றில் சில மீட்டர் ஏற்றுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும்.

கரை வைஃபை

ஒரு காலத்தில் படகுக்காரர்களின் ஒரே இன்டர்நெட். இப்போது பெரிய கோப்புகளை இறக்க மட்டும். கடற்கரை உணவகத்தில் ஒரு பானத்தின் விலைக்குக் கடவுச்சொல் கிடைக்கும், கூடவே பக்கத்து மேசையில் நாளைக்கு எந்த விரிகுடாவில் அலை அடிக்கும் என்று சொல்ல ஆள் கிடைக்கும். வங்கி வேலையை அங்கே செய்யாதீர்கள். வங்கி என்றதும் ஒன்று: இந்திய வங்கிக் கணக்கின் ஓடிபி இந்திய சிம்முக்குத்தான் வரும். இரண்டு சிம் போனில் அந்த சிம்மை வெளிநாட்டு ரோமிங் இயக்கி, டேட்டாவை மட்டும் அணைத்து வைத்திருங்கள். ஊரிலேயே இதைச் செய்துவிட வேண்டும். செயின்ட் லூசியாவில் நின்றுகொண்டு ரோமிங் இயக்கக் கோரினால் அதற்கும் ஓடிபி கேட்கும்.

கரை மறைந்த பிறகு: இரிடியமா, இன்ரீச்சா, எஸ்எஸ்பியா?

தீவுக்குத் தீவு தாவுகிறவருக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை. அட்லாண்டிக் கடப்பவருக்கும் பனாமா நோக்கிப் போகிறவருக்கும்தான்.

இரிடியம் 66 செயற்கைக்கோள், சுமார் 780 கி.மீ. உயரம், துருவம் வரை எங்கும் எடுக்கும். பழைய இரிடியம் கோ கருவியின் வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். 50 கிலோபைட் வானிலைக் கோப்பு காகிதக் கணக்கில் மூன்று நிமிடம். அறுந்து மீண்டும் பிடிப்பதோடு அதற்கும் மேல். 2023-ல் வந்த கோ எக்ஸெக் இறங்குமுகத்தில் 88 கிலோபிட் வரை தரும், ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். கார்மின் இன்ரீச் மினி 2 வேறு ரகம்: 100 கிராம், அதே இரிடியம் வலை, ஒரு செய்திக்கு 160 எழுத்து, இருப்பிடத் தடம், எஸ்ஓஎஸ் பொத்தான். படம் அனுப்ப முடியாது, கடல் வானிலை முன்னறிவிப்பைச் சுருக்க எழுத்தில் வாங்கலாம். எதை வாங்குவது என்று கேட்டால், ஸ்டார்லிங்க் ஏற்கெனவே உள்ள படகுக்கு இன்ரீச் போதும். கோ எக்ஸெக்கின் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சென்னையிலோ கொச்சியிலோ விமானம் ஏறுகிறவர்களுக்கு எச்சரிக்கை: உரிமமில்லாமல் சேட்டிலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். இன்ரீச் மாதிரிச் சிறு கருவியும் அதில் அடங்கும். விமான நிலையப் பரிசோதனையில் மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வேண்டுமென்றால் போய்ச் சேரும் நாட்டில் வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எஸ்எஸ்பி என்ற நெடுந்தூர ரேடியோவுக்கு மாதச் சந்தா இல்லை, ஆயிரம் மைல் தாண்டிப் பேசும், கேட்பதற்கு ஒரே நேரத்தில் ஐம்பது படகு இருக்கும். ஆனால் நிறுவுவது ஒரு தவம். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியில் இன்சுலேட்டர், ட்யூனர், அகலச் செம்புப் பட்டையில் தரையிணைப்பு, 150 வாட்டில் பேசும்போது 25 ஆம்புக்கு மேல் மின்னோட்டம். இமெயில் வேண்டுமென்றால் பாக்டர் மோடம் தனிச் செலவு. அமெச்சூர் அலையில் வின்லிங்க் என்ற ரேடியோ இமெயிலைப் பயன்படுத்த ஹாம் உரிமம் வேண்டும், தொழில் சங்கதி அதில் அனுப்பக் கூடாது. இன்னொரு வில்லங்கம்: ஸ்டார்லிங்க் கன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், ஃபிரிட்ஜ் மோட்டார் எல்லாம் இந்த அலைவரிசையில் இரையும். கேட்க வேண்டுமென்றால் அரைப் படகையே அணைக்க வேண்டும். ஏற்கெனவே பொருத்திய படகை வாங்கினால் கழற்றாதீர்கள். புதிதாகப் பொருத்த இன்று காரணம் குறைவு.

இந்த மூன்றும், ஆபத்தில் மீட்புப் படைக்குச் சமிக்ஞை அனுப்பும் இபிஆர்பி கருவிக்கு மாற்று இல்லை. 406 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அதற்குச் சந்தாவும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். படகு விற்பனையில் கைமாறினால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மீட்புப் படை பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போன் போடும்.

விஎச்எஃப்பா, வாட்ஸ்அப் குழுவா?

இப்போது தீவோடு பேசும் விஷயம். ஒவ்வொரு விரிகுடாவுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. காஸ் சிலிண்டர் எங்கே நிரப்புவார்கள், பழைய பாய் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அது நல்லது. எழுதியது அங்கேயே கிடக்கும், தேடி எடுக்கலாம். ஆனால் அதில் பேச எண் தெரிய வேண்டும், சேர்த்துவிட ஆள் வேண்டும், போன் விழித்திருக்க வேண்டும். விஎச்எஃப்பில் பேச இவை எதுவும் வேண்டாம். புதிதாக நுழைந்த படகும் பத்து வருடமாகக் கிடக்கும் படகும் அங்கே ஒன்று.

இரவு 2 மணிக்குக் காற்று திரும்பி உங்கள் முன்னால் உள்ள படகின் நங்கூரம் இழுபட்டு அது உங்கள் மேல் சாய்ந்து வருகிறது. அதன் உரிமையாளர் எண் உங்களிடம் இல்லை. இருந்தாலும் போன் சைலன்ட்டில் இருக்கும். விஎச்எஃப்பைக் குறைந்த ஒலியில், பொது அழைப்புக்கான 16-ஆம் சேனலில் விட்டுவிட்டுத் தூங்குகிறவரைத்தான் எழுப்ப முடியும். இதற்கு ஆகும் செலவு கேட்கும் நிலையில் 0.3 முதல் 0.5 ஆம்ப்; நாள் முழுதும் 12 ஆம்ப்-மணிக்குள்.

தீவு வாழ்க்கையின் கதவும் அதுவே. பெக்வேயின் அட்மிரால்டி விரிகுடாவில் 68-ஆம் சேனலைக் கேட்டால் நீர் டாக்சி, உணவகம், துணி துவைப்பவர் எல்லாம் அதில் இருப்பார்கள். டொமினிக்காவின் போர்ட்ஸ்மவுத்தில் பேஸ் என்ற சங்கத்தினரை 16-இல் கூப்பிட்டால் படகைக் கட்டும் மூரிங் மிதவைக்கு வழிகாட்ட ஒருவர் படகில் வந்துவிடுவார். இந்தியன் ஆற்றில் துடுப்பு போட்டுக் கூட்டிப்போகும் வழிகாட்டியையும் அவர்கள் வழியே பிடிக்கலாம். கிரெனடாவின் தென்கரையில் காலை 7.30-க்குப் படகுகளின் கூட்டு ஒலிபரப்பு நடக்கும்: வானிலை, புதிதாக வந்த படகு, கிளம்பும் படகு, சனிக்கிழமை சந்தைக்கு வேன், காட்டு வழி ஓட்டமான ஹாஷ், வெள்ளி இரவு கூயாவ் ஊரின் மீன் திருவிழாவுக்கு எத்தனை பேர். இந்த இருபது நிமிடத்தை ஒரு வாரம் கேட்டவருக்கு ஊர் பழகிவிடும். சேனல் எண் அவ்வப்போது மாறும், பக்கத்துப் படகைக் கேளுங்கள். கேட்கப் போவதே ஒரு அறிமுகம்.

கேட்கவில்லை என்று சொல்பவர்களின் ரேடியோவில் மூன்று தவறு இருக்கும். ஒன்று, சர்வதேச முறையா அமெரிக்க முறையா என்ற பொத்தான். 16, 68, 72 இரண்டு முறையிலும் ஒன்றே. 60 முதல் 66 வரையிலும் 78-க்கு மேலும் உள்ள பல சேனல்கள் சர்வதேச முறையில் அனுப்ப ஓர் அலை, வாங்க ஓர் அலை. அமெரிக்க முறையில் இருப்பவரை அதில் கேட்கவே முடியாது. இரண்டு, உச்சி ஆன்டெனாவின் கம்பி முனை உப்பேறிப் பச்சையாகி இருக்கும். வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். மூன்று, கையில் பிடிக்கும் ரேடியோவிடம் அதிகம் எதிர்பார்ப்பது. விஎச்எஃப் கண்ணுக்கு நேர் போகும் அலை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். 16 மீட்டர் உச்சி என்றால் சுமார் 16 கி.மீ., எதிரே அதே உயரப் படகு என்றால் 33. டிங்கி என்ற சிறு படகில் உட்கார்ந்து 1 மீட்டர் உயரத்தில் பேசினால் உங்கள் பங்கு 4 கி.மீ. வாட்டைக் கூட்டினால் இது மாறாது. ஆகவே விரிகுடாவுக்குள் 1 வாட்டில் பேசுங்கள். 25 வாட்டில் பேசினால் அடுத்த தீவின் காலைக் கூட்டத்தில் உங்கள் சாப்பாட்டு முன்பதிவு கேட்கும்.

எதையெல்லாம் சேர்ப்பது?

லே மரானிலோ கிரெனடாவிலோ இரண்டு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுப்பவர்: ஒரு உள்ளூர் சிம், படகோடு வரும் விஎச்எஃப், ஒரு கைரேடியோ. ஸ்டார்லிங்க் இருக்கும் படகு வேண்டும் என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு பருவம், அதாவது டிசம்பர் முதல் மே வரை சுற்றுகிறவர்: மினி, உறங்கும் நேரத்தோடு, கூடவே சிம். ஒன்று போனால் இன்னொன்று என்பதற்காகத்தான் இரண்டும். 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் சூறாவளி நான்காம் வகை வலிமையோடு கேரியாகுவில் கரையேறியபோது அங்கும் யூனியனிலும் மொபைல் வலையே விழுந்துவிட்டது. சிம் வெறும் பிளாஸ்டிக். மறுபக்கம், கார்டு காலாவதியாகிக் கணக்கு முடங்கிய ஸ்டார்லிங்கை மீட்க முதலில் இன்டர்நெட் வேண்டும், அதை சிம்தான் தரும். பல ஆங்கிலத் தீவுகளில் சுங்கப் படிவத்தை செயில்கிளியர் தளத்தில் முந்தைய தீவிலேயே நிரப்பிவிடலாம். முத்திரைக்கு எப்படியும் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும்.

கிரெனடாவுக்கும் கேரியாகுவுக்கும் நடுவே போகும் நாளில் மட்டும் தொடர்பை ஒரு முறை கட்டாயம் பயன்படுத்துங்கள். கிரெனடாவின் வடக்கே 8 கி.மீ. தூரத்தில் கடலடியில் கிக் எம் ஜென்னி எரிமலை இருக்கிறது. எச்சரிக்கை மஞ்சளில் இருந்தால் 1.5 கி.மீ., ஆரஞ்சில் 5 கி.மீ. விலகிப் போக வேண்டும். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வு மையம் நிறத்தை வெளியிடுகிறது. செயின்ட் ஜார்ஜஸில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே பார்த்து, வரைபடத்தில் வட்டத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிரெனடாவின் வடக்கு முனையைத் தாண்டும்போது எதிர்க்காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அடிக்கும், போனைப் பார்க்கக் கை ஒழியாது.